லேசர் போயிருச்சு, மாமா

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். ஒரு விஷயத்தை உண்மை என்று நம்பி இன்னொருவரிடம் சொல்கிறோம். அப்புறம் அது தப்பு என்று தெரியவருகிறது. நாம் சொன்னது பொய்யா, இல்லையா?

"தெரியாமல் சொன்னது எப்படிப் பொய்யாகும்? அது வெறும் தவறு" என்று உங்களில் நிறைய பேர் சொல்வீர்கள். போன வருடம் வரைக்கும் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை. காரணம் ஒரு பழைய கணினி, ஒரு டிவிடி பர்னர், அதற்குக் கொடுத்த 95 வெள்ளி.

கிள்ளானில் எங்கள் தாமானில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு மாமா இருக்கிறார். சொந்த மாமா இல்லை. ஆனால் அப்பாவும் அவரும் ஒரே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். கோலசிலாங்கூர் போகும் வழியில் இருந்த அந்தத் தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் போய், செம்பனை வந்து, அதுவும் போய், கடைசியில் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. அங்கிருந்த குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலம், காப்பார் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். 1994-இல் அங்கே நடந்த தீமிதித் திருவிழாவை மாமா இரவல் வாங்கிய கேமராவில் எடுத்து வைத்திருந்தார். இரண்டு விஎச்எஸ் டேப். அந்தப் படத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு உயிரோடு இல்லை. என் தாத்தா அதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தீக்குழிக்குப் பக்கத்தில் தண்ணீர் வாளியோடு நிற்பார்.

பழைய தோட்டத்து ஆட்கள் ஆகஸ்டு 31 விடுமுறையில் ஒன்றுகூடுவது என்று முடிவானது. அன்றைக்குள் 45 குடும்பத்துக்கும் ஆளுக்கொரு டிவிடி கொடுப்பது மாமாவின் பொறுப்பு. வீட்டுக்கு 5 வெள்ளி வசூல், மொத்தம் 225 வெள்ளி. காலி வட்டு, கவர் வாங்கியது போக மிச்சம் இருந்தால் அன்றைய தேநீர் பலகாரத்துக்கு. எல்லாவற்றையும் மாமா ஒரு 555 புத்தகத்தில் எழுதி வைப்பார். யார் கொடுத்தது, யார் பாக்கி, எல்லாம் அதில் இருக்கும்.

மாமாவின் கணினி 2003-இல் வாங்கியது. பென்டியம் 4, விண்டோஸ் எக்ஸ்பி, 512 எம்பி ராம். டேப்பை ஒரு கேப்சர் கார்டு வழியாக ஏற்றி, வெட்டி ஒட்டி, தலைப்பெல்லாம் போட்டு அழகாகவே செய்திருந்தார். பிரச்சினை வட்டில் எழுதும்போதுதான். ஒரு டிவிடி முடிய முக்கால் மணி நேரம் ஆகிறது. 9 வட்டு போட்டதில் 4 பாதியிலேயே கெட்டுப்போய்விட்டது. மீதி 5-ஐ முதலில் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார். நான் பல்கலைக்கழகத்திலிருந்து லீவுக்கு வந்த அன்றைக்கே வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். வந்து கொஞ்சம் பாரு ஐயா."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் படிப்பது சிவில் இன்ஜினியரிங். கான்கிரீட், மண், வடிகால். ஆனால் நம்மவர்களிடம் "இன்ஜினியரிங் படிக்கிறான்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அவ்வளவுதான், வீட்டு ரைஸ் குக்கர் முதல் கோயில் மைக் செட் வரை நாம்தான் பார்க்க வேண்டும். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

போய் உட்கார்ந்தேன். மாமாவின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். பார்க்க வந்த உறவுக்காரர் இரண்டு பேர் பின்னால் நின்றார்கள். ஒரு வட்டைப் போட்டு எழுதச் சொன்னேன். மெதுவாக ஊர்ந்தது. மவுஸ்கூட விக்கி விக்கி நகர்ந்தது. பத்து நிமிடம் பார்த்தேன்.

"என்னா தம்பி?"

"லேசர் போயிருச்சு, மாமா. பழசாயிருச்சுல்ல. பர்னரை மாத்தணும்."

எவ்வளவு சுத்தமாக வந்தது பாருங்கள் அந்தப் பதில். பின்னால் நின்றவர்களில் ஒருவர், "படிச்ச புள்ளைன்னா சும்மாவா" என்றார்.

கோலாலம்பூருக்கு நானே போனேன். அங்கே கடைகளில் இருந்ததெல்லாம் சாட்டா பர்னர். மாமாவின் மதர்போர்டில் சாட்டா துளையே கிடையாது. அந்தக் காலத்து அகலமான 40 பின் ஐடிஇ கேபிள்தான். ஒரு கடைக்காரர், யூஎஸ்பியில் செருகும் வெளி பர்னர் வாங்கிக்கோ, வேலை சுலபம் என்றார். எனக்கு அது வேலைத்தனமாகத் தெரியவில்லை. இன்னும் நாலைந்து கடை ஏறி இறங்கி, ஒரு கடையின் பின் அலமாரியில் கிடந்த ஐடிஇ பர்னரை 95 வெள்ளிக்கு வாங்கிவந்தேன். பின்பக்க ஜம்பரை மாஸ்டரில் வைத்து, கேபிளின் கடைசி முனையில் செருகி, திருகு முடுக்கி, கணினியைத் தட்டினேன். பயாஸில் பெயர் வந்தது. முதல் டிவிடி எட்டே நிமிடத்தில் முடிந்தது. அன்றைக்கு 6 வட்டு போட்டோம். மாமா சந்தோஷத்தில் என் அம்மாவைக் கூப்பிட்டு, "அண்ணி, உங்க புள்ளை கைராசிக்காரன்" என்றார். 555 புத்தகத்தில் "பர்னர் 95.00" என்று எழுதினார். பழைய பர்னரை, குப்பைதானே என்று, நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து போன். மாமா நேரடியாகச் சொல்லவில்லை. படிப்பு எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டுவிட்டு, கடைசியில்தான் "அந்த புது பர்னரும் கொஞ்சம் ஸ்லோவாத்தான் போகுது தம்பி, ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். நான் போன மறுநாளிலிருந்தாம். "உனக்குப் பரீட்சைன்னு அம்மா சொன்னாங்க. அதான் கூப்பிடல." இந்த மூன்று வாரமும் வேலை முடிந்து வந்து, இரவில் ஒவ்வொன்றாக, வட்டுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்து இன்னும் 14 போட்டு, வந்தவர்களுக்குக் கொடுத்தும் விட்டார்.

அந்த வாரமே வந்தேன். இந்தமுறை உண்மையாகவே பார்த்தேன். டிவைஸ் மேனேஜரில் செகண்டரி ஐடிஇ சேனலைத் திறந்தால், டிரான்ஸ்பர் மோட் என்ற இடத்தில் பிஐஓ என்று இருந்தது. அது டிஎம்ஏ என்றுதான் இருந்திருக்க வேண்டும்.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கோயிலில் அன்னதானம் நடக்கிறது. தலைமைச் சமையல்காரர் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறார், பரிமாறும் பையன்கள் தாங்களே சோற்று வாளியை எடுத்துக்கொண்டு போகிறார்கள். இது டிஎம்ஏ. ஒவ்வொரு வாளியையும் சமையல்காரரே தூக்கிக்கொண்டு பந்திக்கு ஓடினால் அது பிஐஓ. அடுப்பும் கவனிப்பாரில்லை, பந்தியும் நகராது. அதனால்தான் மவுஸ் விக்கியது.

எக்ஸ்பி ஏன் பிஐஓவுக்கு இறங்கியது? கேபிள் வழியாகப் போகும் தகவலில் பிழை இருக்கிறதா என்று டிஎம்ஏ முறையில் ஒரு சரிபார்ப்பு நடக்கும். பிழை வந்தால் திரும்ப அனுப்பும். அந்த மாதிரிப் பிழைகளை எக்ஸ்பி எண்ணிக்கொண்டே வரும். மொத்தம் 6 சேர்ந்ததும் வேகத்தை ஒரு படி குறைக்கும். மேலும் பிழை வந்தால் இன்னும் குறைத்து, கடைசியில் பிஐஓவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாது. எச்சரிக்கைப் பெட்டி எதுவும் வராது. (மாமாவும் மூன்று வாரம் அப்படித்தான் இருந்தார் என்று பிறகு தோன்றியது.)

அப்படியானால் பிழை எங்கிருந்து வருகிறது? கேஸைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தத் தட்டைக் கேபிள் பவர் சப்ளை மூலையில் சிக்கி, கூர்மையாக மடிந்து, மடிப்பில் வெளுத்துப்போய் இருந்தது. என் அறை டிராயரில் கிடந்த பழைய கேபிளை மாற்றினேன். சேனலை அன்இன்ஸ்டால் செய்து கணினியைத் திரும்பத் தட்டினேன். டிஎம்ஏ வந்துவிட்டது. எட்டு நிமிடம். வரிசையாக நாலு வட்டு, ஒரே வேகம்.

ஒரு சந்தேகம் உறுத்தியது. வீட்டுக்குப் போய் அந்தப் பழைய பர்னரை எடுத்துவந்து, அதே புதுக் கேபிளில் மாட்டினேன். மாமா அப்போது கடைக்குப் போயிருந்தார். பழைய பர்னர் ஒரு குறையும் இல்லாமல் எழுதியது. லேசர் போகவே இல்லை. 95 வெள்ளி, அதுவும் பொதுப் பணம், ஒரு மடிந்த கேபிளுக்காகப் போயிருக்கிறது. மாமா திரும்பி வருவதற்குள் புதியதைத் திரும்ப மாட்டி, பழையதைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் வந்து "சரியாயிருச்சா?" என்று கேட்டார். "சரியாயிருச்சு மாமா, கேபிளும் கொஞ்சம் லூஸா இருந்துச்சு" என்றேன். கேபிளும். அந்த ஒரு "உம்"மை நான் மறக்க மாட்டேன்.

ஹாஸ்டலுக்குத் திரும்பி அறைத் தோழனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "மச்சான், டாக்டரே முதல்ல பாரசிட்டமால் கொடுத்துத்தானே பார்க்கிறாரு? எல்லாரும் ஊகம்தான். நீ பொய் சொல்லல. தப்பா சொன்ன. விடு."

நல்ல வாதம். இரண்டு நாள் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். அப்புறம் ஒன்று உறைத்தது. டாக்டர் மாத்திரை கொடுக்கும்போது "மூணு நாள் பாருங்க, குறையலைன்னா வாங்க" என்கிறார். அந்தக் கடைசி வாக்கியம்தான் அவருடைய ஊகத்தை நேர்மையான ஊகமாக ஆக்குகிறது. நான் அதைச் சொல்லவில்லை. "லேசராத்தான் இருக்கும்னு நினைக்கிறேன் மாமா, வாங்கிறதுக்கு முன்னாடி கேபிளை மாத்திப் பார்ப்போம்" என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? பின்னால் நின்ற இரண்டு பேரின் பார்வையில் கொஞ்சம் குறைந்திருக்கும். அதற்குத்தான் பயந்தேன்.

"லேசர் போயிருச்சு" என்பது ஒரு வாக்கியம்தான். ஆனால் அதில் இரண்டு செய்தி இருக்கிறது. ஒன்று லேசரைப் பற்றியது. இன்னொன்று என்னைப் பற்றியது: நான் சோதித்துவிட்டேன், எனக்குத் தெரியும் என்பது. முதல் செய்தி தவறு, சரி, அது தெரியாமல் செய்தது. இரண்டாவது? நான் எதையும் சோதிக்கவில்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியுமே! மாமா நம்பியது லேசரை அல்ல. லேசர் எங்கே இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. அவர் நம்பியது அந்த இரண்டாவது செய்தியை. அந்த இடத்தில் நான் சொன்னது பொய் என்பதைத் தவிர வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

எங்களுக்குத் தொழில் நெறிமுறை என்று ஒரு பாடம் உண்டு. பெரும்பாலும் தூக்கம் வரும் வகுப்பு. அதில் ஒருமுறை கேட்ட கதை இப்போது ஞாபகம் வந்தது. 1877-இல் வில்லியம் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் எழுதிய கட்டுரையில் வருவது. ஒரு கப்பல்காரர். அவருடைய கப்பல் பழசு, அது பத்திரமாகப் போகுமா என்று அவருக்கே சந்தேகம். பழுது பார்த்தால் செலவாகும். இத்தனை தடவை போய்வந்த கப்பல்தானே, கடவுள் காப்பாற்றுவார் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி, சந்தேகத்தை அமுக்கிவிட்டு, மனதார நம்பிக்கொண்டு குடியேறிகளை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. காப்புறுதிப் பணம் அவர் கைக்கு வருகிறது. அவர் உண்மையாகவே நம்பினார், ஆனாலும் அவர் குற்றவாளி என்கிறார் கிளிஃபர்ட். ஏனென்றால் அப்படி நம்புவதற்கு அவருக்கு உரிமை இல்லை. இதைவிட முக்கியம் அடுத்தது: கப்பல் மூழ்காமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவருடைய குற்றம் ஒரு துளியும் குறையாது. மாட்டிக்கொண்டிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

வகுப்பில் இதைக் கேட்டபோது, இது கொஞ்சம் ஓவர் என்று நினைத்தேன். இப்போது அந்தக் கடைக்காரர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் சொன்னபடி யூஎஸ்பி பர்னர் வாங்கியிருந்தால்? அந்தக் கேபிள் பக்கமே போக வேண்டியதில்லை. முதல் நாளிலிருந்து அருமையாக ஓடியிருக்கும். லேசர்தான் போச்சு என்று மாமாவும் நம்பியிருப்பார், நானும் இன்றுவரை நம்பியிருப்பேன், அடுத்த வீட்டுக்குப் போய் இன்னொரு "போயிருச்சு" சொல்லியிருப்பேன். ஐடிஇ தான் வேண்டும் என்று நான் பிடித்த வீண் பிடிவாதம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

மகாபாரதத்தில் தருமர் துரோணரிடம் அசுவத்தாமன் இறந்தான் என்று சொல்லும் இடம் எல்லாருக்கும் தெரியும். தரைக்குமேல் நாலு விரல் உயரத்தில் ஓடிய அவர் தேர் அத்தோடு கீழே இறங்கிவிட்டது. அவர் முழு உண்மையும் தெரிந்து பாதியைச் சொன்னார். நான் எதுவும் தெரியாமல் முழுசாகச் சொன்னேன். எது மோசம் என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. என் தேர் எப்போதும் தரையில்தான் ஓடுகிறது என்பது வேறு விஷயம்.

இன்னொரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். நான் காசு வாங்காமல் செய்த உதவிதானே? டிக்கெட் காசுகூட என் கையிலிருந்துதான் போனது. இலவசமாகச் செய்தவனிடம் இவ்வளவு கணக்குப் பார்க்கலாமா? ஆனால் யோசித்தால் இது நேர்மாறாகப் போகிறது. காசு கொடுத்துச் செய்த வேலை என்றால் மறுநாளே மாமா கடைக்குப் போய்ச் சத்தம் போட்டிருப்பார். நான் உதவியாகச் செய்ததால்தான் அவர் மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. போனிலும் "ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார். உதவி வாங்கியவருக்குக் குறை சொல்லும் உரிமை இல்லாமல் போகிறது. அந்த உரிமை அவரிடம் இல்லை என்றால், அந்த வேலையையும் சேர்த்துச் செய்பவன்தான் பார்க்க வேண்டும்.

சரி, பொய் என்றே வைத்துக்கொள்வோம். போய்ச் சொல்ல வேண்டுமா?

அம்மா வேண்டாம் என்றார். அம்மாவின் காரணத்தையும் லேசாகத் தள்ள முடியாது. "நீ சொல்லிட்டு மனசு லேசாகிப் போயிருவ. அவரு பாவம், அந்த 45 வீட்டுக்கும் பதில் சொல்லணும். ஊர்க்காசை வீணாக்கிட்டாருன்னு அவரைத்தானே பேசுவாங்க?" என் மனசாட்சிச் சுமையை அவர் தலையில் இறக்கிவைப்பது நியாயமா என்பதுதான் அம்மாவின் கேள்வி. எனக்குப் பதில் கிடைக்க ஒரு வாரம் ஆனது. பணத்தையும் சேர்த்துக் கொண்டுபோனால் அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கடன் வாங்கிப் படிக்கும் பையனிடம் 95 வெள்ளி மாதக் கடைசியில் இருக்குமா? 60 இருந்தது. அதையும் பழைய பர்னரையும் எடுத்துக்கொண்டு போனேன்.

வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டு போனேன். மாமா கோபப்படுவார், அல்லது "பரவால்ல விடு தம்பி" என்பார். இரண்டுக்கும் பதில் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த "கேபிளும்" என்ற பேச்சு உட்பட. அவர் பணத்தைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப நான் ராத்திரியில போட்டுக் கொடுத்ததெல்லாம் எப்படி இருக்கும் தம்பி? நல்லா இருக்குமா?"

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை நாளாக நான் யோசித்ததெல்லாம் என்னைப் பற்றி. நான் பொய்யனா, நான் குற்றவாளியா, நான் எப்படிச் சொல்வது. அந்த வட்டுகளைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டியவன் நான்தான். டிஎம்ஏவில் கேபிள் பிழை வந்தால் கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பும் என்று மேலே சொன்னேன் அல்லவா? பிஐஓவில் அந்தச் சரிபார்ப்பு கிடையாது. கெட்ட கேபிளில் என்ன போகிறதோ அது அப்படியே வட்டில் ஏறிவிடும். ஆக, பழைய பர்னரில் போட்ட 5, புதியதில் மெதுவாகப் போட்ட 14, மொத்தம் 19 வட்டு சந்தேகத்துக்குரியவை. அந்த 19-உம் ஏற்கெனவே பல வீடுகளுக்குப் போய்விட்டன.

555 புத்தகத்தை வைத்துக்கொண்டு பட்டியல் எடுத்தோம். புதிதாக 19 போட்டோம். இரண்டு சனிக்கிழமை மாமாவின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வீடு வீடாகப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும், "இவருதான் கணினி பார்க்கிற தம்பி, ஒரு சின்னக் கோளாறு ஆயிருச்சு, வேற கொண்டாந்திருக்கோம்" என்று மாமா சொல்வார். சின்னக் கோளாறு என்று அவர் சொல்வதை முதல் இரண்டு வீட்டில் கேட்டுக்கொண்டு நின்றேன். மூன்றாவது வீட்டிலிருந்து, "என் தப்புங்க, நான் சரியா பார்க்காம சொல்லிட்டேன்" என்று நானே சொல்ல ஆரம்பித்தேன். ஒருவரும் திட்டவில்லை. ஒரு வீட்டில் மட்டும் பெரியவர் ஒருவர் "அஞ்சு வெள்ளிக்கு இம்புட்டு அலைச்சலா" என்று சிரித்தார். திரும்ப வாங்கிவந்தவற்றைச் சோதித்ததில் 7 வட்டில் படம் உடைந்தும் நின்றும் போனது.

காப்பாரில் ஒரு அடுக்குமாடி வீடு. நாலாவது மாடி. பாட்டி தனியாக இருக்கிறார், பகலில் பேரன் பேத்தி யாரும் இல்லை. வட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டோம்.

"நல்லாத்தான் இருக்குய்யா. சாமி ஊர்வலம் வந்து, பூக்குழி எறங்கப் போற நேரத்துல நின்னு போயிரும். எனக்குத்தான் அந்த ரிமோட்டு சரியா அமுக்கத் தெரியல. பேரன்கிட்ட சொன்னா ஏசுவான்னு சொல்லல. அதுவரைக்கும் பார்த்துட்டு, திரும்பவும் மொதல்லேருந்து போட்டுக்குவேன்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் என்றார். நின்றுபோகும் இடத்துக்குப் பிறகுதான் அவருடைய வீட்டுக்காரர் தீ மிதிக்கிறார்.

தப்பு என் கேபிளில். அவர் குறை கண்டது தன் விரலில். நம்பிக் கேட்டவர்கள் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்களோ என்று பயமாக இருந்தது. மாமா தன் பொறுமையைக் குறை சொல்லிக்கொண்டு ராத்திரி முழித்தார். பாட்டி தன் கையைக் குறை சொல்லிக்கொண்டார். படித்தவன் சொன்னது தப்பாக இருக்கும் என்று யாருக்குமே தோன்றவில்லை. நான் அன்றைக்கு அத்தனை உறுதியாகச் சொல்லாமல் இருந்திருந்தால், ஒருவேளை தோன்றியிருக்கும்.

புது வட்டைப் போட்டுக் கொடுத்தேன். ஊர்வலம் வந்தது. நிற்கவில்லை. பாட்டி டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். மாமாவும் நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பியது அவருக்குத் தெரியாது.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்பீர்கள். முழுசாகத் தருகிறேன் என்றேன். புது பர்னர் கணினியில்தானே இருக்கிறது, அது எனக்கு உதவுகிறது, பாதியை நான் போடுகிறேன் என்றார் மாமா. பொதுப் பணத்தில் பாதி கணக்கு கிடையாது என்று நான் சொல்ல, இதில் மட்டும் ரொம்ப உறுதியாப் பேசுறியே என்று கேலி செய்தார். கடைசியில் என் வழிக்கே வந்தார். பழைய பர்னரைத் துடைத்து, துணியில் சுற்றி, அலமாரியில் வைத்துக்கொண்டார். அடுத்து எது கெட்டாலும் முதலில் கேபிளை மாத்திப் பார்ப்போம் என்றார்.

ஆகஸ்டு 31 அன்று கூட்டம் நன்றாக நடந்தது. 45 வட்டும் போய்ச் சேர்ந்தது. 555 புத்தகத்தில் "பர்னர் 95.00" என்ற வரி அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே மாமாவின் கையெழுத்தில், "தம்பி கொடுத்தது 60.00, பாக்கி 35.00." அந்த 35-ஐ அடுத்த மாதம் கொடுத்துவிட்டேன். கொடுத்ததை அவர் இன்னும் எழுதவில்லை. கேட்டால், எழுதுறேன் எழுதுறேன் என்கிறார்.